அடைப்புக்குறிக்குள் தமிழ்

“ஐயா, இன்னையிலேருந்து நாங்களும் ஒங்க ஆளு” என்று வாயிற்கதவைத் திறக்கும்போதே அறிவித்தாள் மாடியில் குடியிருந்த மாணவி. பின்னால் வந்த அவள் தோழி சிரிப்பை அடக்கமாட்டாமல் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இருவரும் நகருக்கு வெளியே இருக்கும் பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் இயற்பியல் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தவர்கள். நான் தமிழ்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இயற்பியல் மாணவியர் எவ்வாறு என் ஆள்கள் ஆவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். பல்கலைக்கழகம் துறைகளையெல்லாம் கலைத்துப் புலங்களாகத் தொகுத்துவிட்டதென்றும், அந்த ஆணையில் தங்கள் வகுப்பு மொழிப்புலத்தில் தமிழுக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கிறதென்றும் சொன்னார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததைத் திறன்பேசியில் படம் பிடித்தும் வந்திருந்தார்கள்.

மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து படித்தேன். பிழை எப்படி நேர்ந்தது என்பது படித்த அளவிலேயே புலப்பட்டது. அக்கல்லூரியில் இயற்பியலுக்கு இரண்டு பிரிவுகள். ஆங்கிலவழிப் பிரிவின் பெயர் வெறும் ‘இயற்பியல்’. தமிழ்வழிப் பிரிவின் பெயர் ‘இயற்பியல் (தமிழ்)’. தமிழ்நாட்டில் ஆங்கிலவழிக்கு அடையாளம் எதுவும் வேண்டியதில்லை. தமிழ்வழிக்குத்தான் அடைப்புக்குறி வேண்டும். புலங்களைத் தொகுக்க உட்கார்ந்த எவரோ அடைப்புக்குறிக்குள் தமிழைக் கண்டதும், இது தமிழைச் சார்ந்த படிப்பு என்று முடிவு கட்டி, தமிழிலக்கியத்தோடும் ஆங்கில இலக்கியத்தோடும் சேர்த்து அடுக்கிவிட்டார். ஒளியும் மின்னும் காந்தமும் மொழியாகிவிட்டன.

அன்று நாங்கள் மூவரும் சிரித்தோம். பின்னால் நடந்தவற்றை எண்ணும்போது, முதல்நாள் சிரித்தோம் என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் மிகுதியாகக் கசக்கிறது.

தனியாக வாழ்பவன் நான். மாடியறையை மாணவியர்க்கு வாடகைக்கு விடுவது வழக்கம். அவ்விருவரில் முதலாமவள் மணமேல்குடிக்கு அருகில் ஒரு கடற்கரைச் சிற்றூரைச் சேர்ந்தவள். தந்தை பிறர் படகில் கடலுக்குச் செல்பவர். இரண்டாமவள் கந்தர்வக்கோட்டைப் பக்கம். முந்திரித் தோப்பும், மழையை நம்பிய சிறிது நிலமும் உடைய குடும்பம். நான் பேச்சிலும் தூய சொல்லை விடாதவன் என்பது இருவருக்கும் ஓயாத விளையாட்டு. பேருந்தையும் மிதிவண்டியையும் பொறுத்துக்கொண்டார்கள். காபியை நான் குளம்பி என்பதை மட்டும் அவர்களால் பொறுக்க இயலவில்லை.

“குளம்பி குடிச்சா மனசு கொழம்பிப் போயிராதா ஐயா?” என்பாள் கடற்கரைப் பெண்.

அக்கொட்டையின் வடிவம் விலங்கின் குளம்பை ஒத்திருப்பதால் வந்த பெயர் அது என்று நான் விளக்கத் தொடங்குவேன். முடிக்குமுன், “ஆட்டுக் குளம்பா, மாட்டுக் குளம்பா ஐயா?” என்று தோழி குறுக்கிடுவாள்.

கடற்கரைப் பெண் இயற்பியலைத் தமிழ்வழியில் எடுத்ததற்குக் காரணங்கள் இரண்டு. இயற்பியல் அவளுடைய விருப்பம். தமிழ்வழி அவள் வீட்டினுடையது. சிறு வயதில், ஆழமில்லாத கரையோரத்தில் தந்தை கழியூன்றிப் படகைத் தள்ளும்போது, நீருக்குள் அக்கழி முறிந்தாற்போல் தெரிவதைக் கண்டு அஞ்சியவள் அவள். முறிந்த கழியைக் கொண்டு எப்படிக் கரை சேர்வார் என்ற அச்சம். பள்ளியில் ஆசிரியை ஒருவர் அதற்கு ஒளிவிலகல் என்று பெயர் சொல்லிக் கரும்பலகையில் இரண்டு கோடுகள் வரைந்து காட்டினாராம். “பேரு தெரிஞ்சதும் பயம் போச்சு ஐயா” என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். ஒரு சொல்லுக்கு அத்தகைய வலிமை உண்டென்று நான் ஆயுள் முழுதும் வகுப்பறையில் சொல்லிவந்திருக்கிறேன். அவள் சொன்னபோதுதான் அதை நம்பினேன் என்று தோன்றுகிறது.

வீட்டின் காரணம் அரசுப்பணி. முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரைக்கும் முழுமையாகத் தமிழ்வழியில் பயின்றவர்க்கு அரசுப் பணியிடங்களில் ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது. அதற்குத் தமிழ்வழிச் சான்று வேண்டும். நடுவில் எங்கேனும் ஓரிடத்தில் வழி மாறினாலும் அந்தச் சான்று கிடையாது. மீன்பிடித் தடைக்காலத்து உதவித்தொகை கேட்டு ஆண்டுதோறும் ஓர் அலுவலகத்தின் முன்னே தந்தை நிற்பதைக் கண்டவர் தாய். அந்த அலுவலகத்து மேசைக்கு உட்புறம் மகள் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஒரே வேண்டுதல். தனிப்பயிற்சி நிலையத்துக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டில், அந்த ஒதுக்கீடு ஒன்றே அவர்கள் கையிலிருந்த ஊன்றுகோல்.

தோழியின் கதை வேறு. ஆங்கிலவழியில் இடம் கிடைக்காமல் தமிழ்வழிக்கு வந்தவள் அவள். மேற்படிப்புப் படிக்க வேண்டும், ஆய்வு செய்ய வேண்டும் என்பது அவள் எண்ணம். சான்றைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஆய்வுக்கூடத்தைப் பற்றித்தான் கவலை.

பல்கலைக்கழகத்தில் பணமில்லை என்ற பேச்சு அதற்கு முந்தைய ஆண்டே கேட்கத் தொடங்கியிருந்தது. நூலகத்துக்கு வந்த இதழ்கள் ஒவ்வொன்றாய் நின்றன. நடைவழிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக விளக்குகளை அணைத்தார்கள். கணிதத்தின் தமிழ்வழிப் பிரிவை மூடினார்கள். இயற்பியலின் தமிழ்வழியிலும் புதிதாக எவரையும் சேர்க்கவில்லை. எஞ்சியிருந்தது இவர்களுடைய ஒரு வகுப்புத்தான், பதினொருவர். இவர்களுக்குத் தமிழில் இயற்பியல் கற்பித்துவந்தவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். நிலையான பணியில் இல்லாமல், குறைந்த ஊதியத்தில், ஆண்டுக்காண்டு பணி நீட்டிக்கப்படுபவர்களுக்கு அப்படி ஒரு பெயர். நான் அதை மதிப்புறு விரிவுரையாளர் என்று எழுதுவேன். எப்படி எழுதினாலும் அதில் மதிப்பு இல்லை. பல திங்கள் ஊதியம் நிலுவையில் இருக்கும்போதே, அவருக்குப் பணி நீட்டிப்பு இல்லை என்று வாய்மொழியாகத் தெரிவித்துவிட்டார்கள். அவர் இப்போது பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு கைப்பேசிக் கடையில் இருக்கிறார். இவர்கள் அவ்வழியே செல்லும்போது குனிந்து எதையோ தேடுவதுபோல் இருந்துவிடுவாராம். இவர்களும் சாலையின் மறுபுறமாக நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. செய்முறை வகுப்புக்குச் சென்றபோது ஆய்வுக்கூடம் பூட்டிக்கிடந்தது. திறவுகோல் அறிவியற்புலத்துக்கு உரியது, இவர்களோ மொழிப்புலத்தவர். அறிவியற்புலத்தின் வருகைப் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை. ஆகையால் மேசை இல்லை, கருவி இல்லை. மொழிப்புலத்துக்கு ஆய்வுக்கூடம் என்ற ஒன்றே இல்லை. ஒலிப்பெட்டி ஒன்று இருந்தது, அதுவும் பழுது.

கால அட்டவணையை நிரப்ப வேண்டிய பொறுப்பு மொழிப்புலத் தலைவர்மேல் விழுந்தது. அவர் தமிழாசிரியர், நல்லவர், கடமையில் வழுவாதவர். பாடவேளை என்று ஒன்று இருந்தால் ஆசிரியர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கில் வளர்ந்தவர். இயற்பியல் வேளையில் தாமே வந்து அமர்ந்து, பாடநூலைத் தெளிவான ஒலிப்போடு உரக்கப் படித்தார். வாய்பாடுகள் வந்த இடங்களில் சற்று நிறுத்தி, “இதை எழுதிக்கங்க” என்பாராம். ஒளிவிலகல் பாடம் வந்த அன்று, ஒளி ஏன் விலகுகிறது என்று கடற்கரைப் பெண் எழுந்து கேட்டிருக்கிறாள்.

“என்ன சொன்னார்?” என்றேன்.

“ஒளியினது விலகல், ஆறாம் வேற்றுமைத் தொகைன்னாரு ஐயா.”

தோழி சிரித்தாள். கடற்கரைப் பெண் சிரிக்கவில்லை. “அவரு என்ன ஐயா செய்வாரு? எங்களுக்கு முன்னாடி நிக்கவே அவருக்குக் கூச்சமா இருக்கு. இலக்கணத்தச் சொல்லும்போதுதான் நிமிந்து பாக்குறாரு” என்றாள்.

அந்த விளக்கம் இலக்கணப்படி சரியானது. அதனாலேயே என்னால் சிரிக்க இயலவில்லை.

பிழையைக் கண்டால் சும்மா இருக்க இயலாதவன் நான். எங்கள் தெருமுனையில் மாவரைக்கும் கடையொன்றில் ‘இங்கு மிளகாய் அறைக்கப்படும்’ என்று பலகை தொங்கியது. மிளகாய் என்ன தவறு செய்தது, எதற்காக அதை அறைகிறீர்கள் என்று உரிமையாளரிடம் கேட்டு, வண்ணம் பூசுபவர் வந்து எழுத்தை மாற்றும் வரையில் அங்கேயே நின்றவன். ஆகையால் கல்லூரி முதல்வரைப் பார்த்து இப்பிழையைச் சொல்லிவிட்டால் மறுநாளே திருத்திவிடுவார்கள் என்று இருவருக்கும் உறுதி சொன்னேன். மூவருமாக நகரப் பேருந்தில் சென்றோம்.

முதல்வரின் அறைவாயிலில் பெயர்ப்பலகை. பெயருக்குக் கீழே ‘முதல்வர் (பொறுப்பு)’ என்றிருந்தது. நிலையான முதல்வரை அமர்த்தினால் செலவு. வேதியியல் பேராசிரியர் ஒருவரையே பொறுப்பேற்கச் சொல்லியிருந்தார்கள். அவரும் ஓர் அடைப்புக்குறியோடு வாழ்பவர்தாம் என்று எண்ணிக்கொண்டே நுழைந்தேன். எழுந்து நின்று வரவேற்றார். மாணவியரையும் அமரச் சொன்னார். நான் பேசி முடிக்கும் வரையில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“தப்புதாங்க ஐயா. ஆர்டர் வந்த அன்னைக்கே பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் பேசாம இருக்கேன்.”

ஏன் என்றேன்.

“இது தப்புன்னு மேல எழுதுனா, மொதல்ல எத்தன புள்ளைங்கன்னு கேப்பாங்க. பதினொண்ணுன்னு சொல்லணும். பதினொரு புள்ளைக்கு ஒரு பிரிவான்னு கேப்பாங்க. மறுநாளு இங்கிலீஷ் மீடியத்தோட சேத்துருவாங்க. இப்ப தமிழ் எலக்கியப் புள்ளைங்களோட எண்ணிக்கையில இதுகளும் ஒளிஞ்சு கெடக்கு. தப்பு இருக்குற வரைக்கும்தாங்க இதுக இருக்கும்.”

கடற்கரைப் பெண் தோழியைப் பார்த்தாள். தோழி தரையைப் பார்த்தாள். எனக்கு அந்தக் கணத்தில் ஏற்பட்டதை எப்படிச் சொல்வது? வாழ்நாள் முழுதும் பிழை என்பது களையப்படுவதற்கே உள்ளது என்று நம்பியவனிடம், ஒரு பிழையைக் காப்பாற்றித்தர வேண்டும் என்று ஒருவர் கைகூப்பிக் கேட்கிறார். ஆய்வுக்கூடத்துக்கு ஏதேனும் வழி உண்டா என்று மட்டும் கேட்டேன். சனிக்கிழமை பிற்பகல்களில், ஆளில்லாத நேரத்தில், கூடத்தைத் திறந்துவிடச் சொல்வதாக உறுதியளித்தார்.

அவர் உறுதியில் பொய் இல்லை. ஆனால் திறந்துவிடுவதற்கு ஆள் வேண்டும் அல்லவா? ஆய்வுக்கூட உதவியாளரின் பணியிடமும் அந்தத் திங்களோடு நீக்கப்பட்டது. சனிக்கிழமைகளில் இருவரும் சென்று பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். செய்முறைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறன்று அந்த வகுப்பு மாணவர் அனைவரும் எங்கள் வீட்டு மாடியில் கூடினார்கள். நான் கீழே இருந்தேன். பேச்சு படிவழியே இறங்கி வந்தது. பெரும்பாலோர், இப்படியே இருந்துவிடலாம், எப்படியாவது பட்டம் வரட்டும் என்ற எண்ணத்தில் இருந்தார்கள். கடைசியில் இவ்விருவரின் குரல்கள் மட்டும் கேட்டன.

“நீ வேலைக்குப் படிக்கிற. ஒனக்கு சர்டிபிகேட் போதும். நான் படிக்கிறதுக்குப் படிக்கிறேன்டி” என்றாள் தோழி.

“வேலைக்குப் படிச்சா கேவலமா?”

“கேவலம்னு சொல்லல. கண்ணாடிப் பிரிசத்தத் தொட்டுப் பாக்காம நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எம்மெஸ்சிக்குப் போவேன், அதச் சொல்லு.”

கடற்கரைப் பெண், “எனக்கும் தொடணும்போலதான் இருக்கு” என்றாள். அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது.

அடுத்த வாரம், மாவட்ட ஆட்சியர் மனுப் பெறும் திங்கட்கிழமையன்று, தோழி தன் தந்தையோடு சென்று மனுக் கொடுத்தாள். மறைவாகச் செய்யவில்லை. காலையில் கிளம்பும்போது படியில் நின்று, தலைவாரிக்கொண்டிருந்த கடற்கரைப் பெண்ணிடம், “மனுக் குடுக்கப் போறேன். ஒங்கிட்டச் சொல்லாமப் போகல” என்றாள். “போயிட்டு வா” என்றாள் இவள். சீப்பு மட்டும் தலையில் நின்றது. தோழியின் தந்தை வெள்ளைச் சட்டையோடு தெருவில் காத்திருந்தார். தோப்பு வேலையை ஒருநாள் விட்டுவிட்டு வந்த மனிதர். மகளின் படிப்பு பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பதைப் பொறுக்காதவர். அவர்மேல் நான் என்ன குற்றம் காண முடியும்? அந்தப் பெண்மேல்தான் என்ன குற்றம்? பூட்டிய கூடத்தைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பது குற்றமாகும் ஒரு நிலையை உண்டாக்கியவர்கள் வேறெங்கோ, மின்விசிறிகள் முழுவிசையில் சுழலும் அறைகளில் இருந்தார்கள்.

இயற்பியலுக்கு ஆசிரியர் கேட்டு மொழிப்புலத் தலைவர் முன்னரே எழுதிய மடல்களுக்கெல்லாம் மறுமொழி அனுப்பாத பல்கலைக்கழகம், ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த மனுவுக்கு மட்டும் உடனே விழித்துக்கொண்டது. சில நாள்களிலேயே ஆணை வந்தது. முதல்வர் அதன் படத்தை என் திறன்பேசிக்கு அனுப்பிவிட்டு, கல்லூரியிலிருந்து என்னை அழைத்துப் படித்துக்காட்டினார். வகைப்படுத்தியதில் நேர்ந்த பிழை திருத்தப்பட்டது. மாணவர் எண்ணிக்கையைக் கருதி ‘இயற்பியல் (தமிழ்)’ பிரிவு நடப்புப் பருவத்திலிருந்து ‘இயற்பியல்’ பிரிவுடன் ஒருங்கிணைக்கப்படுகிறது. மாணவர் நலன் பாதிக்கப்படாத வகையில் அவர்கள் தேர்வுகளைத் தமிழிலேயே எழுதலாம். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாத ஆணை. ஒருங்கிணைக்கப்படுகிறது என்ற சொல்லில் ஒற்று மிகுதல் கூடச் சரியாக இருந்தது. படித்து முடித்துவிட்டு அவர், “நான் சொன்னேன்லங்க ஐயா” என்றார். குரலில் வெற்றியில்லை. அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது அது.

ஆய்வுக்கூடம் திறந்தது. முதல் செய்முறை வகுப்பு முடிந்து தோழி வீடு திரும்பியபோது நான் வாயிலில் நின்றிருந்தேன். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“பாத்தேன் ஐயா.”

“தொட்டீர்களா?”

“பாத்தேன்” என்றாள் மறுபடியும்.

இரு பிரிவுகளையும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் அடைத்திருந்தார்கள். கருவிகள் பழைய எண்ணிக்கையே. மேசையைச் சுற்றி முன்வரிசையில் நின்றவர்கள் செய்தார்கள். பின்வரிசையில் நின்றவர்கள் முன்வரிசையின் தோள்களுக்கு இடையே பார்த்தார்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பின்வரிசை. செய்து காட்டச் சொல்லி ஆசிரியையைக் கேட்டிருக்கிறாள். நேரமில்லை, அடுத்த அணி வெளியே நிற்கிறது என்றிருக்கிறார். எதற்காக மனுக் கொடுத்தாளோ அது அவளுக்கும் கிட்டவில்லை. அன்று அவள் மாடியேறும்போது படியின் பாதியில் நின்றுவிட்டு, மீண்டும் இறங்கிவந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். மாடியில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது.

கடற்கரைப் பெண்ணின் இழப்பு அதைவிட ஓசையில்லாதது. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. பொருள் தெரிந்திருந்தும் பெயர் தெரியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். “அவங்க சொல்றது நம்ம ஒளிவிலகல்தான்னு ரெண்டாவது நாளுதான் ஐயா புரிஞ்சுச்சு” என்றாள். பெயர் தெரிந்ததும் அச்சம் போனதென்று ஒருகாலத்தில் சொன்னவள். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தார்கள். அதையும் அவள் கற்றிருப்பாள், அத்தகையவள்தான். ஆனால் அச்சம் இப்போது வேறிடத்தில் இருந்தது. தமிழ்வழிச் சான்றைப் பற்றிக் கேட்கக் கல்லூரி அலுவலகத்துக்குச் சென்றாள். அங்கிருந்த எழுத்தர் கணினியைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். பயிற்றுமொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்று ஏறியிருந்தது.

“பரீட்சையத் தமிழ்லயே எழுதிக்கம்மா, யாரு வேணாங்குறா? வழிதான் இங்கிலீசு” என்றாராம்.

நான் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். முதல்வரும், தம் பதவியின் அடைப்புக்குறிக்கு உட்பட்ட துணிவோடு, ஒருமுறை எழுதினார். மறுமொழி வரவில்லை. பதினொருவர்க்காக ஒரு கணினியில் ஒரு சொல்லை மாற்றுவதற்குக் கூட அந்நிறுவனத்திடம் பணம் இல்லாமற் போயிற்று என்றுதான் நான் கொள்ள வேண்டும். திருச்சியிலும் தஞ்சையிலும் எனக்குத் தெரிந்த கல்லூரிகளைக் கேட்டுப் பார்த்தேன். நடுவில் ஒரு பருவம் ஆங்கிலவழி என்று பதிவாகிவிட்ட பிறகு எங்கே சேர்ந்தும் பயனில்லை. பட்டத்தை முதலிலிருந்து தொடங்கினால்தான் சான்று கிடைக்கும் என்றார்கள். வெளியூர் விடுதியில் தங்கி முதலிலிருந்து தொடங்க அவள் வீட்டில் வழியில்லை.

இரண்டாமாண்டுத் தேர்வு முடிந்த பிறகு, ஊருக்குப் புறப்படுவதற்கு முன்னால், அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றும், என்னிடம்தான் முதலில் சொல்வதாகவும் கூறிவிட்டுத் தொடங்கினாள்.

“இயற்பியல விட்டுர்றேன் ஐயா.”

“இன்னும் ஓராண்டுதானே.”

“அந்த ஒரு வருசத்த முடிச்சா பட்டம் வரும். சர்டிபிகேட் வராது. பன்னெண்டு வருசம் பள்ளிக்கூடத்துல தமிழ்ல படிச்சது வீணாப் போயிரும். இந்த ரெண்டு வருசத்த விட்டாத்தான் அது நிக்கும்.”

கணக்கு அவளுடையது, தவறில்லாத கணக்கு. பட்டம் முழுவதும் தமிழ்வழி என்று எவரும் ஐயுறாத படிப்பு அக்கல்லூரியில் இப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் முதலாமாண்டில் சேரப்போவதாகச் சொன்னாள். அது என்ன படிப்பு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அதைத்தான் நான் ஆயுள் முழுதும் கற்பித்தேன்.

மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளில் துணைக்குச் சென்றேன். படிவத்தில் ‘விலகல் காரணம்’ என்றோர் இடம் இருந்தது. பிரிவை இணைத்துவிட்டார்கள், அதனால் விலகுகிறேன் என்று எழுதச் சொன்னாள். எழுத்தர் பொறுமையாகவே பேசினார்.

“அதெல்லாம் இதுல ஏறாதும்மா. கல்யாணம், ஒடம்பு சரியில்ல, சொந்த விருப்பம். மூணுல ஒண்ணச் சொல்லு.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “சொந்த விருப்பம்னு போடுங்க” என்றாள். அவர் ஒரு விசையைத் தட்டினார்.

வெளியே வந்து வேம்பின் நிழலில் நின்று அந்தத் தாளை மடித்தாள். விலகல் என்ற சொல்லில் அவள் விரல் சற்று நின்றதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

தமிழ்த்துறைக்கு ஒரு மாணவர் கூடுதலாகச் சேர்ந்தால் இனிப்பு வாங்கிவரச் சொல்லும் வழக்கம் உடையவனாக இருந்தேன். பொறியியலையும் வணிகவியலையும் உதறித் தமிழுக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கொண்டாடியிருக்கிறேன். இவள் தமிழுக்கு வரவில்லை. ஒளியிலிருந்து துரத்தப்பட்டு, மழைக்கு ஒதுங்குபவர்களைப் போல் தமிழின் தாழ்வாரத்தில் ஏறி நிற்கிறாள். அவளை அங்கே நிறுத்தியவர்கள், மொழிப்புலத்தில் சேர்க்கை உயர்ந்துள்ளது என்று தங்கள் ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்வார்கள். எழுதட்டும். இலக்கணப்பிழை இல்லாமல் எழுதுவார்கள்.

புதிய கல்வியாண்டின் முதல்நாள் மாலை இருவரும் ஒன்றாகவே திரும்பினார்கள். ஒருத்தி மூன்றாமாண்டு, ஒருத்தி முதலாமாண்டு. இன்னும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குள் சண்டையில்லை. சண்டை இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தோழி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு விரைந்து மாடியேறிவிட்டாள். கடற்கரைப் பெண் வாயிற்படியிலேயே நின்றாள்.

“அதே ரூமு, அதே பெஞ்சு, அதே சாரு ஐயா. உள்ள போனதும், நீ ஏற்கனவே இங்கிட்டுத்தானம்மா இருந்தன்னு கேட்டாரு.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“ஆமான்னேன்.”

ஆறுதலாக ஏதேனும் சொல்ல வேண்டும். பாராட்டு என்றால் பொய்; இரக்கம் என்றால் அவளுக்குப் பிடிக்காது. அடுப்படிப் பக்கம் திரும்பியவாறு, என்னை அறியாமலே, “காபி குடிக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டேன்.

“குளம்பின்னு சொல்லுங்க ஐயா” என்றாள். “நான் இப்ப நெசமாவே தமிழ்த்துறை.”

நான் உள்ளே சென்று அடுப்பைப் பற்றவைத்தேன். பாலை ஊற்றிய பிறகுதான் கவனித்தேன், பழக்கத்தில் மூன்று குவளைகளை எடுத்து வைத்திருந்தேன். ஒன்றைத் திரும்ப அடுக்கில் கவிழ்க்கப்போனவன், அதை அப்படியே விட்டுவிட்டு, மாடிப்படியின் கீழே நின்று தோழியையும் கூப்பிட்டேன்.